பகலில் சாத்திய கதவு

“எழிலு, பால் பொங்குது பாரு. அடுப்ப நிறுத்து.”

“சரிண்ணா” என்றபடி எழுந்தேன். ஒரு கையால் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், இன்னொரு கையால் அடுப்பை அணைத்தேன். பூண்டு தட்டிப் போட்ட பால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, பர்னரை நனைத்து, மேடையிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது பாலின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் இரண்டு கண்ணையும் குழந்தையின் மேல் வைத்துவிட்டேன். காம்பைப் பிடிக்கத் தெரியாமல் இத்தனை நாளும் என்னை அழவைத்தவள், அன்றைக்குத்தான் சரியாகப் பிடித்து, கண்ணை மூடிச் சத்தம் வரக் குடித்துக்கொண்டிருந்தாள்.

கரித்துணியை எடுக்கக் குனிந்தபோது அந்தக் குரல் மறுபடியும் வந்தது.

“பாத்து நட. தரையில கொட்டிகீது, வழுக்கும்.”

நிதிஷ் அண்ணனின் குரல். எதிர்வீட்டுக் குணசுந்தரி பெரியம்மாவின் ஒரே மகன். பிறந்ததிலிருந்து கேட்ட குரல் என்பதால்தான் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். துணியைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நடையிலும் யாரும் இல்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே எங்கேயோ பெரியம்மாவின் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நிதிஷ் அண்ணன் கத்தாருக்கு ஏசி மெக்கானிக்காகப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

அப்புறம்தான் எதிர்வீட்டு நிலைக்கு மேலே பார்த்தேன். கோழிமுட்டை அளவில் வெள்ளையாக ஒரு கேமரா. அடியில் நீல விளக்கு. அது நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் நைட்டியின் முன்பக்கம் இடுப்புவரை திறந்து கிடந்தது.

கத்தவெல்லாம் இல்லை. கத்தினால் மூன்றாம் மாடி முழுக்க வந்து நிற்கும். காலால் கதவை உதைத்துச் சாத்தினேன். தாழ்ப்பாள் இரண்டு தடவை நழுவி, மூன்றாவதில்தான் விழுந்தது. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். பால் நின்றுபோயிருந்தது. வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

புளியந்தோப்பில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். சாத்தினால் ஒன்று அந்த வீட்டில் சண்டை, இல்லை சாவு, அதுவும் இல்லையென்றால் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். திறந்தே கிடந்தால்தான் காற்று வரும். காற்றோடு பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையும் ஊர் வம்பும் வரும். காலை வேலைக்கு ஆட்கள் கிளம்பிப் போனதும் மாடியில் ஆம்பளை வாடையே இருக்காது. அப்பா வேம்பு திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டுக்குப் போய்விடுவார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். அதற்கப்புறம் அந்த நடை முழுக்கப் பெண்களுடையது. ஈரத்தலையோடு, மாராப்பைப் பற்றிக் கவலைப்படாமல், நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடமாடுகிற இடம். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்ததே அந்தச் சுகத்துக்குத்தான். மாத்தூரில் என் மாமியார் வீடு தனி வீடு, டைல்ஸ் போட்டது, எப்போதும் சாத்தியிருப்பது. அங்கே தும்முவதற்குக்கூட யோசிப்பேன்.

கேமரா நான் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வந்தவர் சர்க்கரை இறங்கி வாசலிலேயே விழுந்து கிடந்திருக்கிறார். அம்மாதான் பார்த்து, வாயில் வெல்லத்தைத் திணித்து எழுப்பியிருக்கிறாள். அதைக் கேட்டுப் பதறிப்போன நிதிஷ் அண்ணன் அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பிவிட்டார். கேபிள்காரர் பக்தவச்சலம் வந்து மாட்டிக் கொடுத்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே நெட்டுதான், பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது, அதனால் கேமராவும் எங்கள் நெட்டிலேயே ஓடியது. இதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. உப்பு, புளி, ரேஷன் அரிசி எல்லாம் நடையைத் தாண்டிப் போய் வருகிறபோது நெட் போவதா பெரிய விஷயம்.

நான் அதைத் தினமும் பார்த்தேன். படியைப் பார்க்கிறது என்று நினைத்தேன். ஆபீசில் கேமராவுக்கு நேர் கீழே உட்கார்ந்து கணக்கெழுதுகிறவள் நான். அங்கே முதுகைச் சொறிவதென்றாலும் எழுந்து பாத்ரூமுக்குப் போவேன். பி.காம். படித்த அந்த மூளை அம்மா வீட்டு வாசலில் செருப்போடு சேர்ந்து கழன்றுவிட்டது போலிருக்கிறது. பெரியம்மா வீட்டுக் கேமரா பெரியம்மா மாதிரிதான் என்று விட்டுவிட்டேன்.

அழுகிற குழந்தையை ஆட்டிக்கொண்டே அந்த அறையைப் பார்த்தேன். இருப்பது சமையல் மேடையோடு சேர்ந்த இந்த முன்னறையும் ஒரு உள்ளறையும்தான். உள்ளறையில் காற்றே கிடையாது, பச்சை உடம்புக்குப் புழுக்கம் ஆகாது என்று அம்மா என்னை இங்கேதான் ஃபேனுக்கு அடியில் பாய் போட்டு உட்காரவைத்திருந்தாள். வெந்நீர் ஊற்றிவிட்டு ஈரத்துண்டோடு இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவாள். வயிற்றுக்குத் துணி சுற்றிக் கட்டுவது இங்கேதான். சாம்பிராணி போடும்போது புகை வெளியே போக வேண்டும், குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று சாத்தியிருக்கிற கொஞ்சநஞ்சக் கதவையும் விரியத் திறந்துவைப்பாள். பால் கட்டி மார்பு கல்லாகிப் போன அன்றைக்கு, பல்லைக் கடித்துக்கொண்டு நான் கிடக்க, அம்மா கையால் பீய்ச்சி எடுத்ததும் இங்கேதான். ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர, அதெல்லாம் எனக்கு நடந்தது மாதிரியே இல்லை. எதிரே நிலைக்கு மேலே இருந்து, கொஞ்சம் உயரத்தில் இருந்து பார்க்கிற மாதிரி வந்தது. ஒருத்தி நிற்கிறாள், அவள் அம்மா அவளைத் துடைத்துவிடுகிறாள்.

அம்மா வந்து கதவைத் தட்டினாள். சாத்திய கதவைப் பார்த்ததும் அவள் குரலே மாறிவிட்டது. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கத்திக்கொண்டே வந்தாள். திறந்து, உள்ளே இழுத்து, மறுபடி சாத்தி, விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. முதலில் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அது படம் பிடிக்கிற மிஷின்தானே, அதற்கு வாய் ஏது என்று கேட்டாள். அந்தப் பக்கம் போனில் பேசினால் இந்தப் பக்கம் கேமராவில் கேட்கும் என்று நான் விளக்கினேன். அதைவிட முக்கியமாக, பால் பொங்குவது தெரிகிறது என்றால் அடுப்பு வரைக்கும் தெரிகிறது என்றேன்.

இடுப்பில் குடத்தோடு அப்படியே நின்றாள்.

“நான்தான்டி சொன்னேன்” என்றாள். “நம்ம கேஸ் சிலிண்டர வாசல்ல வெச்சிருந்தப்ப எவனோ தூக்கிகினு பூட்டானே. அத்தொட்டு, எங்க வூடும் தெரியற மாதிரி கொஞ்சம் இப்டி திருப்புங்கோன்னு பக்தவச்சலத்தாண்ட சொன்னேன். ஸ்டூலக்கூட நான்தான் புடிச்சிகினு நின்னேன்.”

குடத்தை இறக்கிவைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். நான் பார்த்த அதே வரிசையில்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன்: பாய், ஃபேன், சாம்பிராணித் தட்டு. அப்புறம் நான் போகாத ஒரு இடத்துக்குப் போனாள். அவள் முகம் வெளுத்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“நானும் இங்கதானடி பொடவ மாத்துவேன்” என்றாள். “சின்னதுல அவன இந்தக் கையால குளிப்பாட்டிகீறேன்.”

நான் எழுந்து நெட் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஏதோ கொஞ்சம் மூச்சு வந்த மாதிரி இருந்தது. குழந்தை அழுது களைத்து, விரலைச் சப்பிக்கொண்டு தூங்கிப்போனாள். தூளியில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா வந்துவிட்டார். கையில் போனை நீட்டியபடி, “ரமா, நெட்டு பூட்சா? நிதிஷு கேக்குறான்” என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே தட்டினார். கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று அவருக்கும் குழப்பம். கத்தாரில் அன்று வெள்ளிக்கிழமை லீவு. நெட் போனதால் போனின் சொந்த டேட்டாவில் ஓடிய வீடியோ காலில் நிதிஷ் அண்ணன் இருந்தார்.

நான் பெரியம்மாவை உள்ளே விட்டு, போனில் கேட்காதபடி அதைக் கையால் மூடச் சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: எங்கள் வீட்டை அவர் பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? பெரியம்மாவின் முகத்தில் ஒரு துளி சங்கடம்கூட இல்லை. ஆசையாகச் சிரித்தார். தினமும் சொல்லுவானே, எழிலுக்கு இன்னிக்கு அவங்கம்மா பால்சுறா புட்டு செஞ்சு கொடுத்தாங்களாம், பாப்பா தூக்கத்துல சிரிச்சுதாம் என்றெல்லாம். ஒன்றாக வளர்ந்த பிள்ளை, உன் அண்ணன்தானே, பார்த்தால் என்ன என்று அவரே என்னைத் திருப்பிக் கேட்டார். பெரியம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டால் நிதிஷ் முறைப்பையன் ஆகிவிடுவான் என்று அம்மா எனக்குப் பேச்சு வந்த நாளிலேயே பெரியம்மா என்று பழக்கிவிட்டாள். அதனால் அவர் அண்ணன். இந்த ஒரு சொல்லில் எல்லாம் சரியாகிவிட்டதாகப் பெரியம்மா நினைத்தார். உண்மையில் காலையில் அந்தக் குரலைக் கேட்டபோது நானும் அப்படித்தானே எழுந்து ஓடினேன்.

எனக்கு ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. நைட்டிக்கு மேல் துப்பட்டாவை இழுத்துச் சுற்றிக்கொண்டேன். கதவை விரியத் திறந்தேன். பெரியம்மாவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, தினமும் உட்காருகிற அதே இடத்தில் பாயில் உட்கார்ந்து, அம்மாவிடம் நெட்டைப் போடச் சொன்னேன். பைத்தியமா என்பது மாதிரிப் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். போட்டாள்.

போனில் நிதிஷ் அண்ணன் பனியனோடு கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கொட்டிய பாலைத் துடைத்துவிட்டாயா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நீளமான அறை, இரண்டு பக்கமும் இரும்புக் கட்டில்கள், அடுக்கு அடுக்காக. கயிற்றில் துண்டுகள். தரையில் பேப்பர் விரித்து நான்கைந்து பேர் நாஸ்தா தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சுவரில் ஒரு டிவி, கறுப்பாக, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“வந்துடுச்சி மாமு” என்றது யாருடைய குரலோ.

வட்டம் நின்று டிவியில் படம் வந்தது. எங்கள் வீடு. சுவரில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும், அதற்குக் கீழே தூளி, அதற்குக் கீழே பாயில் ஒருத்தி தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய டிவி. எங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பெரியது. அவளுக்குப் பின்னால் சமையல் மேடையில் பால் பாத்திரம்கூடத் தெரிந்தது.

நான் கையைத் தூக்கினேன். அவள் தூக்கவில்லை. சரி, இது நான் இல்லை, பழைய படம் என்று ஒரு நொடி அசட்டுத்தனமாக நினைத்தேன். கையை இறக்கிய பிறகு டிவியில் அவள் கையைத் தூக்கினாள்.

தட்டோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் முதலில் டிவியைப் பார்த்தார், பிறகு நிதிஷ் அண்ணனின் கையிலிருந்த போனைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் ஒருவர் அப்படியே இருந்தார். என் தோளுக்குப் பின்னால் பெரியம்மாவும் அம்மாவும் குனிந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிதிஷ் அண்ணனின் சிரிப்பு அடங்கிவிட்டது. தப்பாக நினைக்காதே என்று ஆரம்பித்தார். தன் அம்மாவைப் பார்க்கத்தான் டிவியில் போட்டாராம். பெரியம்மா பெரும்பாலும் உள்ளே இருப்பதால் எதிரே நாங்கள்தான் தெரிந்தோமாம். ரூமில் இருக்கிற பசங்களுக்கு எங்கள் எல்லோரையும் தெரியும், என் அப்பா ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்து வருவது தெரியும், என் அம்மா யாரையாவது திட்டினால் எல்லோரும் ரசிப்பார்களாம். இதை ஒரு பெருமை மாதிரிதான் அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் தானே நிறுத்திவிட்டார்.

ரொட்டியை மெல்லாமல் இருந்தவர் எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்தார். தன் பெயர் அமான் என்றார். வியாசர்பாடிக்காரராம், எம்.கே.பி. நகரில் வீடாம். தனக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் கையில் தூக்கவில்லை என்றார். தினமும் வீடியோ காலில் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“பாக்குறேன் தங்கச்சி” என்றார். “வீடியோ கால்ல எல்லாரும் எனக்கோசரம் சிரிக்கிறாங்கோ. உங்க வூட்ல யாரும் யாருக்கோசரமும் சிரிக்கல. அத்தொட்டுதான் பாத்துகினு கீறோம்.”

எனக்கு ஒரு கணம் மனசு இளகிவிட்டது. அப்படி இளகியதற்காக அவர் மேல் இன்னும் கோபம் வந்தது. என்னை இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், கடைசியில் பாவப்படுவதும் நானா?

நிதிஷ் அண்ணன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது மாதிரி மெதுவாகச் சொன்னார். “நீ கொயந்தைக்குப் பால் குடுக்கும்போது நான் சேனல மாத்திடுவேன் எழிலு. அம்மா மேல சத்தியமா.”

“இன்னிக்கு மாத்தலையே” என்றேன்.

“நீ தனியா கீற. பால் வேற பொங்குது. அதான்...”

“சரி. நீ டூட்டிக்குப் போனா ரிமோட்டு யார் கையில கீது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி அறைக்குள் பார்த்தார். எல்லாக் கட்டில்களையும் ஒவ்வொன்றாக அவர் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இந்தக் கேள்வியை அவர் அதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. அப்போது மேல்கட்டிலில் சட்டையில்லாமல் படுத்திருந்த ஒருவர், அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, கீழே இறங்கி, யாரையும் பார்க்காமல், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். குளிக்கத்தான் போயிருப்பார். குளிக்கத்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அமான் போய் டிவியை அணைத்தார். நான் போனை அணைத்துப் பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

பெரியம்மா எழுந்து தன் வீட்டுக்குப் போய் நாற்காலியை இழுத்துவந்து நிலைக்கு அடியில் போட்டார். ஏற வேண்டாம், விழுந்துவிடுவீர்கள் என்று அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள். நானும் சொன்னேன்: கழற்ற வேண்டாம் பெரியம்மா, படிப்பக்கம் திருப்பினால் போதும், இல்லையென்றால் உங்கள் வீட்டுக்குள்ளேயே உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம், அண்ணன் பார்க்க வேண்டியது உங்களைத்தானே. நியாயமாகத்தான் பேசினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. ஸ்குரூவைக் கழற்றத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். காரையோடு பெயர்ந்து வந்தது. அதற்குள்ளிருந்து விரல் நகத்தளவு ஒரு மெமரி கார்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மடக்கிவிட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார்டைக் குறடால் உடைத்தேன். உடைக்கும்போதே தெரியும், இதில் என்ன இருக்கிறது, போனில் என்ன இருக்கிறது, யாருடைய போனில் இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டதாக நிதிஷ் அண்ணன் செய்தி அனுப்பினார். அதற்கப்புறம் நீளநீளமாகக் குரல் பதிவுகள். நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. இப்போது அந்தக் குரலைக் கேட்டால் என்னை அறியாமல் சரிண்ணா என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவு செய்தாள். அவர் கத்தியைத் தூக்குகிற ஆள் இல்லை, ஆனால் சாப்பாட்டை விட்டுவிடுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் தீபன் மாத்தூரிலிருந்து வந்தார். வாசலில் புதிதாகத் தொங்கிய கனமான திரையைப் பார்த்து என்ன இது என்று கேட்டார். கொசு என்றேன். உண்மையைச் சொல்லி, கதவை ஏன் திறந்துவைத்தாய் என்று அவர் கேட்டுவிட்டால் அவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று தெரியவில்லை. அவர் கேட்காமலும் இருந்திருக்கலாம். அந்தச் சோதனையை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

திரை போட்டும், கதவைச் சாத்தியும், முன்னறையில் எனக்குப் பால் இறங்கவில்லை. குழந்தை வாய் வைத்ததும் என் கண் தானாகச் சுவரில் தேடும்: மூலை, ஃபேன், புத்தர் படம்கூட. உள்ளறையிலும் அப்படித்தான். கடைசியில் பாத்ரூமில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு, அதில் உட்கார்ந்து, தாழ்ப்பாள் போட்டு, லைட்டை அணைத்தால்தான் பால் வந்தது. குழந்தை இருட்டில் கண்ணை அகல விழித்து என் முகம் எங்கே என்று தேடிக்கொண்டே குடித்தாள். சாம்பிராணி போடுவதை அம்மா நிறுத்திவிட்டாள்.

எதிர்வீட்டுக் கதவும் திறக்கவில்லை. எங்கள் நடையில் பகலில் இரண்டு கதவுகள் எதிரெதிரே சாத்திக் கிடந்தன. மாடியில் எல்லோரும் பெரிய சண்டை என்று பேசிக்கொண்டார்கள். எங்களிடம் விசாரித்தவர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் சர்க்கரைக்காரி ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பதை அம்மாவால் மறக்க முடியவில்லை. சமையலுக்கு நடுவில் போய்த் தட்டுவாள். “குணாக்கா” என்று மட்டும் கூப்பிடுவாள். உள்ளேயிருந்து “கீறேன்” என்று பதில் வரும். கதவு திறக்காது. அம்மா திரும்பி வந்துவிடுவாள். இரண்டு பேருக்கும் பேச்சு அவ்வளவுதான்.

புதன்கிழமை நான் பாத்ரூமில் இருந்தேன். அம்மா போய்த் தட்டுவது கேட்டது. “குணாக்கா.” பதில் இல்லை. மறுபடியும் தட்டினாள். கையால் தட்டியவள் கரண்டியால் தட்டத் தொடங்கினாள். அம்மாவின் குரல் உயர்ந்தது, அப்புறம் உடைந்தது. “அக்கா, கதவத் தொற. அக்கா.”

நான் எழுந்தேன். தாழ்ப்பாளை எடுத்தது நினைவிருக்கிறது. முன்னறையைத் தாண்டியது, திரையைத் தள்ளியது எதுவும் நினைவில்லை. நடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்தக் கதவை அடித்துக்கொண்டிருந்தேன். மாடியில் மற்ற வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரோ ஒரு ஆம்பளையின் குரலும் கேட்டது. பெரிம்மா, பெரிம்மா என்று கத்தினேன்.

கதவு திறந்தது. பெரியம்மா நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார், அந்தச் சத்தத்தில் நாங்கள் தட்டியது கேட்கவில்லை. புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடிவந்திருந்தார். அம்மாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் மார்பில் குழந்தை தொங்கிக்கொண்டிருந்தாள். முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது.

அவர் முதலில் நிமிர்ந்து மேலே பார்த்தார். அங்கே காரை பெயர்ந்த ஓட்டைதான் இருந்தது. ஆனாலும் நனைந்த முந்தானையை உருவி என் மேலும் குழந்தையின் மேலும் போட்டு, என் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செத்துக்கித்து பூட்டியோன்னு பதறிப்பூட்டேன்க்கா என்று அம்மா அவரைத் திட்டத் தொடங்கியிருந்தாள். பெரியம்மா பிடியை விடவில்லை. ஈரத் துணிக்கு உள்ளே, நடுவாசலில், குழந்தை சத்தம் வரக் குடித்துக்கொண்டிருந்தாள்.